ஒரு படி கோதுமை

"விரல ஆட்டாதீங்கக்கா. அப்படியே அழுத்திப் புடிங்க," என்று நிர்மலா சொல்லிக்கொண்டிருந்தபோது மடியில் கிடந்த போன் அதிர்ந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கட்டைவிரல் மரவள்ளிக் கிழங்கு சீவிச் சீவித் தேய்ந்திருந்தது. நிர்மலா அதைத் துப்பட்டா நுனியால் துடைத்து, தீப்பெட்டி அளவிலிருந்த கறுப்பு மெஷினின் சிவப்பு வெளிச்சத்தின் மேல் மறுபடி வைத்தாள். கையிலிருந்த டேப்லெட் திரையில் பச்சைக் குறி விழுந்தது. நாற்பதாயிரம் ரூபாய் கடன் அந்தப் பெண்ணுக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் போனை எடுத்தாள்.

தம்பி கலையரசன். "அக்கா, அப்பாவுக்கு மூச்சு மாறிடுச்சு. கெளம்பி வா."

"அம்மா எங்க?"

"பக்கத்துலதான் இருக்குது. நீ வா." கொஞ்சம் நிறுத்தினான். "மெஷின எடுத்துகினு வா."

"எந்த மெஷினு?"

"உன் மெஷினுதான். வா, சொல்றேன்."

வடக்கனந்தலில் அந்த சிமெண்ட் ஷீட் வீட்டுக்குள் இருபத்திரண்டு பெண்கள் நான்கு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேரின் தவணையைத்தான் வாங்கியிருந்தாள். குழுத் தலைவி எழில்மதி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "நீங்க போங்க மேடம். மீதிய நானே வாங்கி ஆபீஸ்ல கட்டிடறேன்," என்றாள். நிர்மலா மெஷினின் வயரைச் சுருட்டிப் பையில் போட்டாள். எதற்கு அதைக் கேட்கிறான் என்று ஸ்கூட்டியைக் கிளப்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைக்குப் போகும் ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ஆலை அரவை தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. எதிரே கல்வராயன் மலை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது.

அவளுடைய அப்பா அம்மாசி நாற்பத்தைந்து வயதுவரை கரும்பு வெட்டியவர். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு போவார். ஐந்து மாதம் வெட்டினால் முன்பணம் கழியும். கழிந்த மறுவாரமே அடுத்த வருஷத்து முன்பணத்துக்கு மேஸ்திரி வீட்டு வாசலில் போய் நிற்பார். இருபத்தேழு வருஷம் இப்படியே போனது. கடைசியில் கறவை மாட்டை விற்றுக் கணக்கை முடித்தார். அந்த மாதமே கோமுகி ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு யோபு என்று பெயர் மாற்றிக்கொண்டார். ஜெப வீட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் அவரை அந்தப் பெயரில் கூப்பிடவில்லை. அம்மா ஆயம்மாள் மதம் மாறவில்லை. அவள் நெற்றியில் திருநீறு இருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நாற்பத்தாறாவது வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். பைபிளின் கடைசிப் பக்கங்களைப் படிப்பதற்காகவே கற்றுக்கொண்டார் என்று சொல்லலாம். அங்கே கறுப்புக் குதிரையில் தராசோடு ஒருவன் வருகிறான். ஒரு நாள் கூலி கொடுத்தால் ஒரு படி கோதுமைதான் கிடைக்கும் என்கிற பஞ்சம் வருகிறது. வலது கையிலோ நெற்றியிலோ அடையாளம் வாங்காதவன் எதையும் வாங்கவோ விற்கவோ முடியாது என்கிற காலம் வருகிறது. மற்றவர்கள் அதையெல்லாம் கதை கேட்பதுபோலக் கேட்டார்கள். அவருக்கு அது கதையாக இல்லை. தராசு பிடித்தவனை அவருக்கு முன்பே தெரியும்.

பவுன் ஒரு லட்சத்தைத் தொட்ட அன்று கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று, தங்கத்தைத் தெருவில் வீசும் நாள் வருகிறது என்று தொண்டை கட்டும்வரை பேசிவிட்டு வந்தார். நகைக்கடை வாசலில் நின்ற கூட்டம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நிர்மலா ஒருமுறை அவரோடு வாதாடியிருக்கிறாள். "நீ கரும்பு வெட்டப் போனப்போ கூலி பன்னெண்டு ரூபா, அரிசி கிலோ நாலு ரூபா. மூணு கிலோ வாங்கலாம். இப்போ கூலி ஐநூறு. அரிசி ஐம்பது. பத்து கிலோ வாங்கலாம். அப்பறம் இன்னா பஞ்சம் வரப்போவுது?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கூலி ஜாஸ்தி ஆயிடுச்சி, வாஸ்தவந்தான். கடன்? அன்னிக்கி இந்தத் தெருவே ஒரே ஒருத்தர்கிட்டதான் கடன் பட்டிருந்துச்சி. இன்னிக்கி ஒரு வூட்டுக்கு அஞ்சு கம்பெனி. திங்கக்கெழம ஒருத்தன், செவ்வாக்கெழம ஒருத்தன். மேஸ்திரி வருசத்துக்கு ஒருக்காதான் வருவான். இவுங்க வாராவாரம் வராங்களேம்மா."

அந்த ஐந்து கம்பெனிகளில் ஒன்றின் ஆபீசர் தான் என்பது நிர்மலாவுக்கு உறைத்தது. அவர் அதைச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் மெஷினை அவர் கண்ணில் படாமல் வைத்திருந்தாள். ஒருநாள் அவரே பையைப் பார்த்துச் சொன்னார்: "உம்மேல எனக்குக் கோவம் இல்லம்மா. வேதத்துல வர தானியேலும் பாபிலோன் ராஜாகிட்டதான் உத்தியோகம் பாத்தாரு."

ஆனால் கடைசிக் காலத்து அடையாளம் இதுதான் என்று, தன் விரலை மட்டும் அவர் எந்த மெஷினிலும் வைக்கவில்லை. ஆதாருக்கு வைத்தது மனம் மாறுவதற்கு முந்தி. அதையும் ஒரு பாவமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். ரேஷனுக்கு அம்மாதான் போவாள். பேங்கில் முதியோர் பணம் வந்து கிடந்தது. விரல் வைத்தால்தான் தருவார்கள் என்றதும் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டு வாசலில் கலையரசனின் குட்டி யானை லோடு வண்டி நின்றது. மூன்று சக்கரம் வெயிலிலும் ஒரு சக்கரம் நிழலிலுமாக, அவசரத்தில் விட்ட மாதிரி. உள்ளே அப்பா கட்டிலில் மல்லாந்து கிடந்தார். சிறுநீரகம் இரண்டும் போய், டயாலிசிஸ் தாங்காது என்று கள்ளக்குறிச்சியிலிருந்து அனுப்பி வைத்து ஐந்து நாள் ஆகிறது. முகம் வீங்கி, வேறு யாரோ போல இருந்தார். மூச்சு இழுத்து, நின்று, பிறகு மறுபடி வந்தது. அம்மா ஈரத்துணியால் உதட்டைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்தும்மா?"

"காலையில கஞ்சித் தண்ணி ரெண்டு சொட்டு முழுங்கினாரு. அப்பறம் கண்ணு தொறக்கல."

நிர்மலா கால்மாட்டில் உட்கார்ந்தாள். கலையரசன் கதவைச் சாத்திவிட்டு வந்து அவளருகே தரையில் குந்தினான். அவனுக்கு இருபத்தொன்பது வயது. வண்டிக்கு மாதத் தவணை, கைக்குழந்தை. அவன் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அம்மா பேர்ல எடுத்தமே அறுவதாயிரம். அன்னிக்கி நீதான சொன்ன, புருசனும் வெரல் வச்சி சேந்துட்டா இன்சூரன்ஸ் உண்டு, எதுனா ஆச்சின்னா கடன் தள்ளுபடின்னு."

"அவரு வைக்க மாட்டேன்னுட்டாரு."

"முப்பது நாளைக்குள்ள சேத்துக்கலாம்னியே. இன்னிக்கி இருவத்தாறு." அவன் அப்பாவைப் பார்க்காமல் அவளையே பார்த்தான். "உயிரோடதான்க்கா இருக்காரு. பொய்யா ஒண்ணும் செய்யல. வைய்யி. முடிஞ்சிது."

அவன் சொன்னதில் கணக்குத் தப்பு இல்லை. அவரோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து ஸ்கேனுக்கும் மருந்துக்கும் கரைந்த பணம் அது. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நாற்பத்தெட்டு தவணை. ஒன்றுதான் கட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. கூலிக்குப் போக முடியாத கால்.

"அம்மா, நீ இன்னா சொல்ற?" என்று கலையரசன் கேட்டான்.

அம்மா துணியைக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். மறுபடி நனைத்தாள். "நான் இன்னா சொல்றது," என்றாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பாதிக்கு மேல் இருக்கும்போதே, தண்ணீர் மாற்றி வருவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள்.

நிர்மலா பையைத் திறந்தாள். வயரைப் பிரித்து டேப்பில் செருகினாள். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. அம்மாவின் கணக்கை எடுத்து, கணவர் சேர்ப்பு என்ற இடத்தைத் தொட்டாள். விரலை வைக்கச் சொல்லி டேப் பெண்குரலில் கேட்டது. கலையரசன் சட்டென்று ஒலியைக் குறைத்தான்.

அவள் அப்பாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். கை கனத்தது. விரல்கள் மடங்கியிருந்தன. ஒவ்வொன்றாக விரித்தாள். அவை எதிர்க்கவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. கொஞ்சமாவது இழுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். கட்டைவிரலின் சதைப்பகுதி வழவழவென்று தேய்ந்து, நடுவில் அரிவாள் பட்ட பழைய தழும்பு குறுக்கே ஓடியது. பழக்கத்தில் அதைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். எட்டு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் விரல்களை அவள் இப்படித் துடைத்திருக்கிறாள். வேண்டாம் என்று ஒருத்திகூட அவளிடம் சொன்னதில்லை. கடன் வேண்டுமென்று வந்தவர்கள் எப்படிச் சொல்வார்கள்? வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன ஒரே விரல் இதுதான்.

அவள் கையை மெதுவாக அவர் வயிற்றின் மேல் வைத்தாள். வயரை உருவினாள்.

"இன்னாக்கா?"

"சார்ஜ் இல்லடா."

டேப்பின் ஓரத்தில் எண்பத்தொரு சதவிகிதம் என்று காட்டியது. கலையரசன் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். எழுந்து வெளியே போய்விட்டான். வண்டியைக் கிளப்பி முழுவதுமாக நிழலில் கொண்டுபோய் நிறுத்தும் சத்தம் கேட்டது.

நாலு மணிக்குச் சற்று முன்னால் அப்பா ஒரு மூச்சு விட்டார். மூன்று பேரும் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா அவர் முகவாயைத் தாங்கிப் பிடித்து வாயை மூடினாள். "ஒரு துணி குடு," என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே பந்தல் போட்டாகிவிட்டது. ஜெப வீட்டிலிருந்து சவப்பெட்டி வந்தது. தாய்மாமன் வகையறா மேளம் சொல்லவில்லையா என்று கேட்டார்கள். கலையரசன், "அப்பா வேணாம்னு சொல்லிட்டாரு மாமா," என்றான். அவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்கள்.

ரேஷன் கடையில் பொருள் போடும் ராதிகா, கடை திறப்பதற்கு முன் வந்துவிட்டுப் போகலாமென்று வந்தாள். பெட்டியருகே கொஞ்சம் நின்றாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லணும்னு மனசுல கெடந்துச்சி. யார்கிட்டயும் சொல்லாதம்மான்னு கேட்டுக்கினாரு. இனிமே சொன்னா தப்பில்லன்னு நெனைக்கிறேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நிர்மலா நெருங்கி உட்கார்ந்தாள்.

"போன ஆடியில உங்களுக்குக் கால் புண்ணு வந்து படுத்துனு இருந்தீங்களே, அப்ப பெரியவரு கடைக்கு வந்தாரு. கூட்டமெல்லாம் போவட்டும்னு ஓரமா நின்னுனு இருந்தாரு. அப்பறம் கிட்ட வந்து, சம்சாரம் சக்கரக்காரி, அரிசி ஆவாது, கோதும வேணும்மான்னாரு. கார்டக் குடுத்தாரு. நான் வெரல் கேக்கல. அவரே நீட்டினாரு."

நிர்மலாவுக்கு முதலில் புரியவில்லை. "எங்கப்பாவா?"

"உங்கப்பாதான். கண்ண இறுக்க மூடிக்கினு வச்சாரு. விழல. தொடச்சிட்டு மறுக்கா வச்சாரு. விழல. பத்து வெரலும் வச்சிப் பாத்தாச்சி. கண்ணு மெஷினு இருக்குது பெரியவரே, அத வைக்கட்டான்னேன். நெத்தியத் தொட்டுப் பாத்துக்கினாரு. வேணாம்மான்னாரு." ராதிகா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சிரிச்சாரா அழுதாரான்னு தெரியல. கைய வேட்டியில தொடச்சிக்கினே போனாரு. நான் என் கையிலேர்ந்து குடுத்திருக்கணும். அந்த நேரத்துக்குத் தோணல."

அம்மாவின் பார்வை எதிரே பந்தல் காலில் இருந்தது.

"கட மூடிக் கெடக்குதுன்னுல்ல சொன்னாரு," என்றாள்.

ராதிகா தலையாட்டினாள்.

"அன்னிக்கிப் பொழுதோட போனவரு, மறுநாள் சாயந்திரந்தான் வந்தாரு. மண்டியில மூட்ட எறக்கப் போயிருக்காரு, அந்த ஒடம்ப வச்சிக்கினு. ரெண்டு கிலோ கோதும, எனக்குக் கால்ல போட மருந்து. மீதிக் காசு இன்னான்னு நான் கேக்கல. தோள்பட்ட செவந்து கெடந்துச்சி. எண்ண போட்டு வுட்டேன்." அம்மா நிறுத்தினாள். "கோதுமய மாவாக்கினு வான்னு நானே திட்டி அனுப்பினேன்."

பத்து மணிக்கு பாஸ்டர் ஸ்தேவான் வந்தார். பைக் மெக்கானிக்காக இருந்து ஊழியத்துக்கு வந்தவர். நகக்கணுவில் இன்னும் கறுப்பு இருந்தது. பாட்டு முடிந்ததும் பெட்டியின் தலைமாட்டில் நின்று பேசினார். நல்ல மனிதர். அழுகை வந்து இரண்டு முறை நிறுத்தினார்.

"யோபு அண்ணனுக்குப் படிப்பு கம்மி. ஆனா காலத்தப் படிச்சவரு. வெலவாசியப் பாப்பாரு, கடனப் பாப்பாரு, எந்த நேரத்துல நிக்கிறோம்னு சொல்லுவாரு. என்கிட்டயே சில சமயம் கோச்சிக்குவாரு, நீங்க கடைசி நாளப் பத்தி சரியாவே சொல்றதில்ல பாஸ்டர்னு." சிலர் லேசாகச் சிரித்தார்கள். "பணம் வருதுன்னாங்க. வெரல் வச்சாத்தான்னாங்க. வேணாம்னுட்டாரு. பசி வந்துச்சி. வேணாம்னுட்டாரு. வியாதி வந்துச்சி. வேணாம்னுட்டாரு. இந்தக் கைய அவரு யாருக்கும் நீட்டல. இந்த ஊர்ல நம்மள்ல எத்தன பேரு அப்படிச் சொல்ல முடியும்?"

"ஆமென்," என்றார்கள்.

பின்வரிசையில் ராதிகா தலை குனிந்திருந்தாள். கடைக்கு நேரமாகியும் அவள் போகவில்லை. நிர்மலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். எழுந்து சொல்ல வேண்டுமா என்று நிர்மலா யோசித்தாள். சொன்னால் அவர் சின்னவராகி விடுவாரா, பெரியவராகி விடுவாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டது மட்டும் தெளிவாக இருந்தது. நேற்று அவள் விரல் விரலாக விரித்துவிட்டுத் திரும்ப வைத்த கையைத்தான் இவர் இப்போது புகழ்கிறார். அதற்குப் பல மாதம் முந்தியே அந்தக் கை தானாக விரிந்திருக்கிறது. இரண்டும் ஒரே கை.

"குடும்பத்துல யாராச்சும் சாட்சி சொல்லலாம்," என்று பாஸ்டர் அவள் பக்கம் பார்த்தார்.

எல்லாரும் திரும்பினார்கள். நிர்மலா எழுந்து நின்றாள். "எங்கப்பா..." என்று ஆரம்பித்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கப்பாவுக்கு எங்கம்மான்னா ரொம்ப இஷ்டம்," என்றாள்.

கூட்டம் இன்னும் ஏதோ வருமென்று காத்திருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். பாஸ்டர் சற்று விழித்து, பிறகு "ஸ்தோத்திரம்" என்றார்.

ஏரிக்கரைக்கு அந்தண்டை, ஜெப வீட்டுக்காரர்கள் வாங்கிப் போட்ட நிலத்தில் குழி வெட்டியிருந்தார்கள். மண் செம்மண்ணும் சரளையுமாக இருந்தது. பெட்டி இறங்கும்போது ஒரு பக்கம் இடித்தது. கலையரசன் குழிக்குள் குதித்து மண்ணைச் செதுக்கிச் சரிசெய்துவிட்டு ஏறி வந்தான்.

திரும்பும்போது வாய்க்காலில் கால் கழுவினார்கள். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கலையரசன் முழங்கைவரை அப்பியிருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"இன்னும் நாப்பத்தேழு டியூ இருக்குது. ஒண்ணு வுட்டு ஒண்ணு நான் கட்டறேன்."

"வேணாண்டா. உனக்கே வண்டி இருக்குது."

"அதுக்காவ?" என்றான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈரக்காலோடு கரையேறினான். மேலே நின்று அவளுக்குக் கை கொடுத்தான்.

நிர்மலா வீட்டுக்கு வந்தபோது பந்தலுக்கடியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாலம்மாள் பெரியம்மா பெரிய பாத்திரத்தில் சாம்பார் கலக்கினாள். அம்மாவைக் காணவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.

அப்பா வளர்த்த வெள்ளாடு இரண்டு நாளாகக் கட்டியிருந்த இடத்திலேயே நின்று கத்தியிருக்கிறது. அம்மா அதை அவிழ்த்துக்கொண்டு, புண் ஆறாத காலை ஒரு பக்கமாக வைத்து வைத்து, வேலியோரம் போய்க்கொண்டிருந்தாள். கொடுக்காப்புளி மரத்தடியில் ஆடு முன்னங்கால்களைத் தூக்கி எக்கியது. கீழ்த்தழையெல்லாம் முன்பே மேய்ந்து மொட்டையாகியிருந்தது. அம்மா ஒரு கிளையை எட்டிப் பிடித்து வளைத்துத் தாழ்த்தினாள். முள் குத்தியிருக்க வேண்டும், கையை மாற்றிப் பிடித்தாள். ஆடு அவசர அவசரமாகக் கடித்தது.

நிர்மலா போய் இன்னொரு கிளையைப் பிடித்து இழுத்தாள். ஆடு தின்று முடிக்கும்வரை இருவரும் ஆளுக்கொரு கிளையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.